சன்னலுக்கும் காற்றுக்கும் ஒரே விலை

1

இந்தக் கதை எனக்குப் பல் டாக்டரின் கிளினிக்கில் கிடைத்தது. கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்தேன். வரவேற்பு மேசையில் இருந்த அம்மாள் போனில் கணவரிடம் கேட்டது காதில் விழுந்தது. "ஏங்க, காத்துக்கெல்லாமா காசு கேப்பாங்க?" அந்த நொடியே வலி பறந்துவிட்டது என்று எழுத ஆசைதான். பறக்கவில்லை.

(பத்திரிகையில் எனக்குத் தந்திருப்பது ஒரே ஒரு பக்கம். அதில் ஒரு பத்தியை என் கன்னத்துக்கே செலவழித்துவிட்டேன்.)

2

முதல் தொடக்கம்: "மேகங்களுக்கு மேலே மிதந்துகொண்டிருந்த அந்த மாநகரம்..." வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.

இரண்டாவது: கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரையே மேலே ஏற்றி இறக்குகிறவர். மனைவி வேலை பார்க்கும் கிளினிக் தரைக்குக் கீழே, சன்னலே இல்லாத இடத்தில். பிள்ளைகள் தலையெடுத்துவிட்டார்கள். இனி ஒரே ஒரு தடவை, மலையுச்சி நகரத்துக்கு, கணக்குப் பார்க்காமல் மூன்று நாள் பயணம் போவது என்று இருவரும் முடிவு செய்து, அதற்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இது தேவலை.

3

விமானம், கார், சாப்பாடு எல்லாம் கையிலிருந்த காசுக்குள் அடங்கிவிட்டன. ஹோட்டல் அறைதான் இடித்தது. ஓர் அறையில் மலையைப் பார்த்த பெரிய சன்னல். அதே விலையில் இன்னோர் அறையில் சன்னல் கிடையாது, ஆனால் அந்த உயரத்தில் காற்று மெலிந்திருக்கும் என்பதால் குழாய் வழியே ஆக்சிஜன் விடுவார்கள். இரண்டும் சேர்ந்த அறை என்றால் பட்ஜெட் பல்லிளித்தது. அவளுக்கோ அவ்வப்போது இளைப்பு வரும்.

"காத்து ரூம்தான். பேச்சே கிடையாது."

"அவ்வளவு தூரம் போய் சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காரவா? அதத்தான் கிளினிக்ல தினமும் செய்றேனே!"

"அங்க உனக்கு ஒண்ணுன்னா நான் என்ன பண்ணுவேன், சொல்லு?"

அவள் டீயை ஒதுக்கிவிட்டுக் கணக்குத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

4

இந்த இடத்தில் பயணத்தை ரத்து செய்வதாகத்தான் திட்டம். ஆசைப்பட்டவர்கள் ஏமாந்தால் கதைக்குக் கனம் கூடும் என்று எங்கள் தொழிலில் ஒரு நினைப்பு. "பெருமூச்சுடன் அவள் கணக்குத் தாளைக் கிழித்து..."

இல்லை, எனக்கு மனம் வரவில்லை. இவள் கிழிக்கிற ஆளும் இல்லை. ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தாள். பேனாவை எடுத்து மூன்றாம் நாளை அடித்தாள்.

"ஒரு நாளக் கொறச்சா ரெண்டும் சேந்த ரூமே வருது, பாருங்க."

அவர் மேலிருந்து கூட்டினார். நம்பாமல் கீழிருந்தும் கூட்டினார். "அட, ஆமா!"

எனக்கு இது தோன்றவே இல்லை. வெட்கத்தோடு நானும் என் ஐந்தாம் பகுதியை அடித்தேன். அதில் பயணங்களைப் பற்றிய என் சொந்தத் தத்துவம் இருந்தது. யாருக்கும் நஷ்டமில்லை.

6

போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஹோட்டல் லிஃப்டில் ஏறியதும் அவர் காதைத் தீட்டிக்கொண்டார். "கைய வச்சுக்கிட்டு சும்மா வாங்க," என்றாள். மேட்டுத் தெருவில் அவள் மூச்சு வாங்க நின்றபோதெல்லாம் அவரும் நின்று, கட்டியிருந்த ஷூ கயிற்றையே மறுபடி கட்டினார். இரவு அவள் நன்றாகத் தூங்கினாள். எனக்கும் நிம்மதி.

இப்போது காலை. சன்னல் முன்னால் நிற்கிறார்கள். திரை மூடியிருக்கிறது.

மலையை வருணிக்க என் ஒற்றைப் பக்கத்தில் இடமில்லை. திரைக் கயிறு உங்கள் கைக்கு எட்டும். மெல்ல இழுங்கள். காற்றுக்கு அவ்வளவு காசு கொடுத்தவள், மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.