காலி நாற்காலி

"ஆன்லைன் பரீட்சையை வச்சுக்கிட்டு அடுப்புல மெழுகை ஏத்திட்டியேடி?" பார்சல்களோடு கிளம்பிய அண்ணன் கேட்டான். இருவரும் சேர்ந்து மெழுகுவத்தித் தொழில் தொடங்கி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

"அந்தச் சனியன் பிடிச்ச வெப்சைட் திறக்கவே அரை மணி நேரமாகும். அதுக்குள்ள உருகிடும், நீ போண்ணா."

மூன்று வருடமாக அவளைப் பாடாய்ப் படுத்திய கல்லூரி இணையதளம், அன்று பார்த்து ஒரே தட்டலில் திறந்து தொலைத்தது. கேமரா முன்னிருந்து எழுந்தால் தேர்வு ரத்து.

பத்தாவது கேள்வியில் சமையலறையிலிருந்து கருகல் வாடை வந்தது. கதவிடுக்கில் புகையே தெரிந்ததும் ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள்.

திரும்பி வந்தால், திரை வழக்கம்போல் உறைந்து நின்றது. அவள் முகம் தெரியவேண்டிய கட்டத்தில் காலி நாற்காலி. மூச்சிரைக்க உட்கார்ந்து கையை ஆட்டிப் பார்த்தாள்.

நாற்காலி காலியாகவே இருந்தது.