மூன்று விரற்கடை

ப்ரெவேன் நகரத்தில் கம்பளித் துணி விற்றுக் கொழுத்தவர்கள் இருபது பேர் இருந்தார்கள். அந்தத் துணியை நெய்தும் மிதித்தும் சாயம் தோய்த்தும் இளைத்தவர்கள் நாலாயிரம் பேர். இரண்டு கணக்கிலும் சேராதவன் பெர்த்தூல். அவன் பாட்டுக் கட்டுகிறவன். சொல்லும் அவனுடையது, மெட்டும் அவனுடையது. வீட்டில் அடுப்பு எரிந்தது மட்டும் அவன் மனைவி எம்மெலோ நடத்திய பீர்க்கடையால்.

ஆண்டுதோறும் பெந்தெகொஸ்தே திருவிழா முடிந்த வாரம் சந்தை மைதானத்தில் பாணர் சபை ஒரு நாடகம் போடும். புனிதர்களின் நாடகத்தைக் கோயிலுக்குள் பாதிரிமார் பார்த்துக்கொள்வார்கள். இது ஊர்க்காரர்களின் சொந்தக் கூத்து. அந்த வருஷம் எழுதும் முறை பெர்த்தூலுடையது. அவன் ஊர்ப் பெரிய மனிதர்களைப் பெயர் சொல்லியே மேடைக்கு இழுத்துவிட்டான். நகர மன்றத் தலைவர் மிக்கியேல், தவக்காலத்தில் ஒரே உப்புமீனை மூன்று நாள் முகர்ந்து பார்த்து ரொட்டி தின்கிற கஞ்சனாக வந்தார். இன்னொரு வணிகர் மனைவிக்குப் பயந்து பீப்பாய்க்குள் ஒளிந்துகொண்டார். நடுவே ஓர் இடைச்சி பாடும் பாட்டு. மூன்று குரல்கள் ஒன்றை ஒன்று துரத்திப் பிடிக்கிற அந்த மெட்டுக்காக அவன் ஒரு குளிர்காலம் முழுவதும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தான்.

ஒத்திகையிலேயே விஷயம் ஊருக்குள் கசிந்தது. அடி விழும் என்று பெர்த்தூல் தயாராக இருந்தான். வந்தவர் ஃபூக்கார்.

ஃபூக்கார் ஊரிலேயே பெரிய துணிக்கடைக்காரர். பீர்க்கடைக்குள் நுழைந்ததும் பெஞ்சைத் துடைக்கச் சொல்லி உட்கார்ந்தார்.

"என்னய்யா பெர்த்தூலு, ஊர்ல இருக்கிற அத்தனை பேரையும் கிழிச்சிருக்கியாமே?"

"சும்மா ஒரு விளையாட்டுக்குத்தான், முதலாளி. உங்க பேரு அதுல இல்லவே இல்ல, சத்தியமா."

"அதைத்தான்யா கேக்க வந்தேன். ஏன் இல்ல?"

ஃபூக்கார் விரலை மடக்கி எண்ணத் தொடங்கினார்.

"அந்த மிக்கியேலுக்குப் பதினொரு வரி. நேத்து முளைச்ச பயலெல்லாம் பீப்பாய்க்குள்ள ஒளியிறான். நான் என்ன செத்துட்டனா? ஊர்ல நாலு பேரு என்ன நினைப்பான்? ஃபூக்காரைத் திட்டக்கூட ஆளில்லைன்னு சொல்ல மாட்டான்?"

"திட்டணும்னா ஒரு குறை வேணுமே முதலாளி. உங்ககிட்ட என்ன குறை இருக்குன்னு நீங்களே சொல்லுங்களேன்."

ஃபூக்கார் கண்ணை மூடி நெடுநேரம் யோசித்தார். "எனக்கு இளகின மனசு. யாரு ஏமாத்தினாலும் உடனே மன்னிச்சிடுவேன். தான தர்மம் பண்ணினா வெளிய சொல்ல மாட்டேன். அது ஒரு பெரிய குறைதான்."

"இதை நாடகத்துல வைக்க முடியாதுங்க," என்றாள் பீர் ஊற்றிக்கொண்டிருந்த எம்மெலோ. "கல்லறைக் கல்லுல வேணா வெட்டலாம்."

பெர்த்தூல் அவசரமாகக் குறுக்கிட்டான். "உங்க முழக்கோல் கொஞ்சம் குட்டைன்னு வச்சுக்கலாமா? துணிக்காரங்களைப் பத்தி எல்லா ஊர்லயும் சொல்ற பழைய கேலிதான். யாருக்கும் வலிக்காது."

ஃபூக்காரின் கையிலிருந்த குவளை அந்தரத்தில் நின்றது. "யாரு சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லலீங்க. சும்மா, கற்பனை."

"கற்பனைதானே?" அவர் மூச்சுவிட்டார். குவளை மெல்ல வாய்க்குப் போனது. "நாடகத்துல சொல்றதை எவன் நம்பப்போறான்? சரி, போடு. ஆனா பன்னெண்டு வரிக்குக் குறையக் கூடாது, சொல்லிட்டேன்."

பன்னிரண்டு வரியை அவன் ஒரே மூச்சில் எழுதி முடித்தான். கோல் எவ்வளவு குறை என்று ஓரிடத்தில் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு விரற்கடை என்று போட்டால் மோனை இடித்தது. மூன்று என்றால் கச்சிதமாக உட்கார்ந்தது. மூன்று என்றே போட்டான்.

நாடக நாளன்று மைதானத்தில் எள் விழ இடமில்லை. முதல் பெஞ்சில் ஒரு பக்கம் மிக்கியேல், மறுபக்கம் புது மேலங்கியில் ஃபூக்கார், பக்கத்தில் அவர் மனைவி எல்வி. தன் உப்புமீன் வந்தபோது மிக்கியேல் பெருமையாகத் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். இடைச்சியின் பாட்டு வந்தபோது ஜனங்கள் அப்பம் வாங்கப் போனார்கள். மேடைக்குப் பின்னால் நின்ற பெர்த்தூல் மூன்று குரலும் பிசகாமல் சேர்வதைக் கேட்டுத் தனியாகக் கண்கலங்கினான். அந்த ஊரில் அன்று அந்தப் பாட்டைக் கேட்டவன் அவன் ஒருவனே.

பிறகு தாசேன் என்ற கூத்தாடி வயிற்றில் தலையணையைக் கட்டிக்கொண்டு ஃபூக்காராக வந்தான். நடை, கனைப்பு, பெஞ்சைத் துடைக்கச் சொல்வது, ஒன்றும் பாக்கியில்லை. கூட்டம் ஊளையிட்டது. அசல் ஃபூக்கார் தொடையில் தட்டிச் சிரித்தார். "நான்தான்! அப்படியே நான்தான்!" என்று மிக்கியேலின் விலாவில் இடித்தார்.

தாசேன் கோலைத் தூக்கிக் காட்டிப் பாடினான்: மற்றவர் முழம் ஒரு முழம், என் முழம் மூன்று விரற்கடை குறை முழம்.

ஃபூக்காரின் சிரிப்பு நின்றது. "எத்தனை?" என்று எல்வியிடம் கேட்டார்.

"மூணாம். விடுங்க, சும்மாதானே பாடறான்."

"மூணா? அது எப்படி மூணு?"

"அட, உக்காருங்க!"

அவர் எழுந்துவிட்டார். "ஏய், நிறுத்துடா! பொய்! அபாண்டம்! மூணெல்லாம் கிடையாது. ரெண்டு! எங்க அப்பா காலத்திலேருந்து ரெண்டே ரெண்டு விரற்கடைதான்!"

மைதானமே அவர் பக்கம் திரும்பியது. அப்பக்காரி கரண்டியோடு எழுந்து நின்று பார்த்தாள். எல்வி முக்காட்டை மூக்குவரை இழுத்துக்கொண்டாள். தான் சொன்னது என்னவென்று ஃபூக்காருக்கு அப்போதுதான் உறைத்தது போலிருக்கிறது, மெதுவாக உட்கார்ந்தார்.

பின்வரிசையில் ஒரு சாயக்காரன் எழுந்தான். "கோலைக் கொண்டாங்கப்பா, பாத்துடலாம்!"

கூட்டமே ஃபூக்காரின் கடைக்குப் போய்க் கோலை எடுத்து வந்தது. ஊருக்கெல்லாம் அளவாக நகர மண்டபச் சுவரில் பதித்திருந்த இரும்பு முழத்தோடு சேர்த்துப் பிடித்தார்கள். சரியாக இரண்டு விரற்கடை குறைந்தது. ஊரிலேயே உண்மை பேசுகிற வியாபாரி அவர்தான் என்று நிரூபணமாயிற்று.

மிக்கியேலுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷம், "தலைவரோட கோலையும் பாத்துடுவோம்!" என்று ஒரு நெசவுக்காரி கத்தும்வரை நீடித்தது. அவர் உடனே நாடகத்தை நிறுத்தி, கூட்டத்தைக் கலைத்து, மன்றத்தைக் கூட்டினார். மன்றத்தில் பன்னிரண்டு பேர். பன்னிரண்டு பேரும் துணிக்கடைக்காரர்கள்.

பெர்த்தூலைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தினார்கள்.

"நீ மூணுன்னு எழுதியிருக்க. உண்மையில எவ்வளவு?" என்றார் மிக்கியேல்.

"ரெண்டுங்க. ஊரே அளந்து பாத்துச்சே."

"ஆக, ஒரு கௌரவமான வியாபாரி மேல ஒரு விரற்கடை அவதூறு. ஒத்துக்கிறியா?"

"ஐயா, அது மோனைக்காகப் போட்டது..."

"மோனைக்காக ஒருத்தர் மானத்தை வாங்குவியா?" பதினொரு தலைகள் வருத்தத்தோடு ஆடின. ஒரு வருஷமும் ஒரு நாளும் ஊருக்குள் கால் வைக்கக் கூடாது என்று தீர்ப்பானது. அடுத்த தீர்மானமாக, இரும்பு முழத்தில் துரு ஏறியிருப்பதாகச் சொல்லி அதைச் சுவரிலிருந்து பெயர்த்துக் கொல்லனிடம் அனுப்பினார்கள். நாலாம் நாள் அது பளபளவென்று திரும்பி வந்தது. துருவோடு இரண்டு விரற்கடை நீளமும் போயிருந்தது. அன்றிலிருந்து ப்ரெவேனில் குறைந்த கோல் ஒன்றுகூடக் கிடையாது.

எம்மெலோ பீப்பாய்களை வண்டியில் ஏற்றினாள். "உனக்கு வேற மோனையே கிடைக்கலையா?" என்று மட்டும் கேட்டாள். நகர வாசலில் ஃபூக்கார் காத்திருந்தார். கோபமாக வந்திருக்கிறார் என்று பெர்த்தூல் பின்வாங்கினான்.

"மனசுல ஒண்ணும் வச்சுக்காதய்யா," என்றார் அவர். "மூணு நாளா தெருவுல போனா எல்லாரும் என்னையே பாக்கறான். மிக்கியேலை ஒரு நாயும் சீண்டலை."

அவர்கள் அராஸுக்குப் போனார்கள். அந்த ஊரில் ரொட்டி சுடுகிறவனும் பாட்டுக் கட்டுவான், ரொட்டியைத் திருடுகிறவனும் பாட்டுக் கட்டுவான். எல்லோரும் பாட வாய் திறந்தார்களே தவிர, கேட்க யாருக்கும் நேரமில்லை. ஆனால் பாடினால் தொண்டை காயும் அல்லவா? எம்மெலோவின் பீர் நன்றாக ஓடியது.

மறு வருஷம் மீன் விற்க வந்த ஒருத்தி சேதி சொன்னாள். ப்ரெவேனில் அதே நாடகத்தை மறுபடி போட்டார்களாம். ஃபூக்கார் வேஷத்தை இந்த முறை ஃபூக்காரே கட்டினாராம். ஜனங்கள் சிரித்துச் சிரித்து அழுதார்களாம். அந்தச் சூட்டோடு அவரை மன்றத்துக்கும் தேர்ந்தெடுத்துவிட்டார்களாம்.

அன்று பெர்த்தூல் சாப்பாட்டைத் தொடவில்லை.

"ஏன், வயிறு சரியில்லையா?" என்றாள் எம்மெலோ.

"அந்த ஃபூக்கார் ஒரு வரியை மாத்திட்டானாம். ரெண்டுன்னே பாடினானாம்."

"மோனை?"

"இடிக்கத்தான் இடிச்சிருக்கும்." அவன் ரொட்டியைப் பிய்த்தான், தின்னாமல் வைத்தான். "ஆனா அந்த இடத்துலதான் எல்லாரும் ரொம்பச் சிரிச்சாங்களாம்."

தடை முடிந்த அன்றும் அவன் ஊர் திரும்பவில்லை. கேட்டவர்களிடம் எம்மெலோவின் வியாபாரத்தைக் காரணம் காட்டினான்.