கடலைப் புண்ணாக்குச் சிப்பம்

விருதுநகர் எண்ணெய் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் பானுப்பிரியா வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. கடலைப் புண்ணாக்கு வாசனை மூக்கில் ஏறும்போதெல்லாம் சொந்த ஊரான விஸ்வநத்தத்து வீட்டுக் கொல்லை நினைவுக்கு வரும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அம்மா வள்ளித்தாய் கோழிகளுக்குப் புண்ணாக்கு உடைத்துக்கொண்டிருப்பாள். பானு ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொள்வாள்.

"எல்லாத்தையும் நீயே தின்னுபுட்டா, முட்டையும் நீயா இடுவே?" என்பாள் அம்மா.

அவள் கல்லூரியில் சேர்ந்த வருடம் கோழிகளை விற்றுவிட்டார்கள். இப்போது தீப்பெட்டி வேலையிலிருந்து நின்றுவிட்ட அம்மா, மறுபடி பன்னிரண்டு கோழி வளர்க்கிறாள். அவற்றுக்கென்று சொல்லி, போன ஞாயிற்றுக்கிழமை பானு ஒரு சிப்பம் புண்ணாக்கு வாங்கி வந்தாள். பாதி ஆசை தனக்காகத்தான்.

இந்த ஞாயிறு அவள் வந்தபோது, அம்மா தவிடும் உடைத்த சோளமும் வைத்துக்கொண்டு முதல்முறையாகப் புண்ணாக்கைக் கலக்க உட்கார்ந்திருந்தாள். கோழிகள் காலைச் சுற்றின. பானு பழையபடி ஒரு துண்டைக் கடித்தாள். கடலை ருசிக்குப் பின்னால் நாக்கு குளிர்ந்து, உப்புக் கரித்தது. துப்பினாள்.

"எம்மா, எந்தச் சாக்குல இருந்துச்சு இது?"

"நீ கொண்டாந்த சாக்கை எலி கடிச்சிருச்சு. உங்கப்பா கம்பெனியில இருந்து கெட்டிச் சணல் சாக்கு கொண்டாந்து மாத்துனாக."

பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கும் அப்பா கண்ணுச்சாமி கட்டிலில் இருந்தார்.

"எப்பா, அது வெடியுப்புச் சாக்கு. கோழி செத்துப்போகும்."

"தண்ணியில முக்கி அலசித்தான் காயப்போட்டேன். ஊரெல்லாம் இந்தச் சாக்குதான் வச்சிருக்கு. படிச்சவளுக்கு மட்டும் ஆகலையாக்கும்."

அம்மாவின் கை சட்டியில் அப்படியே நின்றது. பானு சாக்கிலிருந்து ஒரு நூலை உருவினாள். தள்ளிப் போய்த் தீக்குச்சி கிழித்து வைத்தாள்.

நூல் சாதாரணமாக எரியவில்லை. சுர்ரென்று பொறி கக்கிக்கொண்டு ஓடியது.

இருபத்தைந்து வருடமாக வெடிகளுக்குத் திரி செய்கிறவர் அதைப் பார்த்தார். எழுந்து வந்தார்.

"நம்ம திரியாட்டம்லா போகுது," என்றார் மெதுவாக.

அம்மாவின் கையிலிருந்து சட்டியை வாங்கினார். கொல்லை மூலையில் குழி வெட்டி, சட்டியில் இருந்ததையும் சாக்கோடு மிச்சத்தையும் புதைத்தார்.

"அம்புட்டும் போச்சே," என்றாள் அம்மா.

"கோழி இருக்குல்லா." பானுவின் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "ஏளா, புதுச் சாக்கு உங்க ஆலையில கிடைக்குமா?"

"கிடைக்கும்ப்பா."

கோழிகள் அதற்குள் புது மண்ணைக் கிளறப் போயிருந்தன. வெயில் இறங்கும்வரை அவரே அங்கே நின்று அவற்றை விரட்டிக்கொண்டிருந்தார்.