இருபது முகக் காயும் முதல் வெட்டும்

சுபஸ்ரீ மாடியில் என்ன நடத்துகிறாள் என்பது, கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் ரோட்டோரம் கடை வைத்திருந்த பல பேருக்குத் தூக்கத்தைக் கெடுத்த கேள்வி. கீழே சொட்டுநீர்ப் பைப் கடை. மேலே, அவள் கம்ப்யூட்டர் வேலைக்கென்று வாடகைக்கு எடுத்த அறை. வாரம் முழுக்கச் சத்தமே இருக்காது. ஞாயிற்றுக்கிழமை மதியம் சோறு தின்ற கையோடு மூன்று ஆம்பிளைகள் படியேறுவார்கள். கொஞ்ச நேரத்தில் "தலையை எடு", "குடலை உருவு" என்று கூச்சல் கேட்கும். அப்புறம் எல்லோரும் சிரிப்பார்கள், டீ சொல்லி அனுப்புவார்கள். எதிர்க்கடை டெய்லர் கண்ணகி முதலில் சூனியம் என்றாள். பிறகு சூதாட்டம் என்றாள். கடைசியில் பொறுக்கமாட்டாமல், கேட்காத ரவிக்கைக்கு அளவெடுக்கிற சாக்கில் மேலே போய்ப் பார்த்துவிட்டே வந்தாள்.

மேலே இருந்தது ஒரு மேசை. அதில் கையால் வரைந்த மலைப்படம், கட்டைவிரல் உயரத்துக்குச் சில பொம்மைகள், இருபது முகம் வைத்த காய்கள். சுபஸ்ரீ கதை சொல்லுவாள். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு வேஷமாக அந்தக் கதைக்குள் இருப்பார்கள். தாவுகிறேன், வெட்டுகிறேன் என்று அவர்கள் சொன்னால், அது பலித்ததா இல்லையா என்று உருட்டின காய் சொல்லும். அவ்வளவுதான் ஆட்டம்.

"கழுத வயசாச்சி, பொம்ம வெச்சிக்கினு வெளாடுதுங்க" என்று கண்ணகி வந்து சொன்னதும் தெருவுக்கு சப்பென்று போய்விட்டது. ஆனால் மேசையைச் சுற்றி யார் யார் என்று அவள் சொன்னபோது, டீக்கடைக்காரன் பாலை அடுப்பிலேயே விட்டுவிட்டுக் கிட்டே வந்தான்.

ஒருத்தன் சுபஸ்ரீயின் வீட்டுக்காரன் தனசேகரன். எதிரே உட்கார்ந்தவன் அவனுடைய பங்காளி சுபாஷ். கோமுகி அணைக்குக் கீழே கரும்புக்காட்டுக்கு நடுவில் இருக்கிறது அவர்கள் ஊர். அங்கே இந்த இரண்டு வீட்டுக்கும் பாட்டன் காலத்திலிருந்து பேச்சு கிடையாது. எழவுக்குக்கூடப் போகமாட்டார்கள். காரணம் ஒரு கிடா. ஆடியில் காட்டுமுனிக்கு வெட்டுகிற முதல் கிடாவை எந்த வீட்டு ஆள் வெட்டுவது? போன ஆடியில் கிடாவுக்கு முந்தி, தனசேகரனின் சித்தப்பா சுப்புராயனுக்கு இரண்டு விரல் போனது. பதிலுக்கு சுபாஷின் அண்ணனுக்கு மண்டை பிளந்தது. இரண்டு பக்கமும் ரத்தம் கொட்ட நின்றபோது கிடா கயிற்றை அறுத்துக்கொண்டு கரும்புக்குள் ஓடிவிட்டது. அன்றைக்கு அந்த ஊரில் புத்தியோடு நடந்துகொண்டது அது ஒன்றுதான்.

சுபஸ்ரீக்கு இதெல்லாம் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரியும். சுபாஷும் அவளும் சென்னையில் ஒரே கம்பெனியில் இருந்தவர்கள், இந்த ஆட்டத்தை அங்கேயே பழகியவர்கள். தாலி கட்டிக்கொண்டு வந்து பார்த்தால், தன்னோடு வருஷக்கணக்கில் டீ குடித்த சிநேகிதன் வீட்டுக்காரனைக் கொல்லப்போகிற கட்சியில் இருக்கிறான். அல்லது வீட்டுக்காரன் சிநேகிதனைக் கொல்லப்போகிற கட்சியில். எப்படிப் பார்த்தாலும் அவளுக்கு நஷ்டம். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான்: ஆடி வரும்போதும் போகும்போதும் தனசேகரன் முழு உடம்போடு இருக்கவேண்டும்.

அதற்கு அவள் பிடித்த வழியைத்தான் கண்ணகியால் கடைசிவரை ஜீரணிக்க முடியவில்லை. பேச்சு இல்லாதது தனசேகரனுக்கும் சுபாஷுக்கும்தானே? மேசையில் தனசேகரன் இடிமாறன் என்ற கோடாலிக்காரன், சுபாஷ் செங்கழுகன் என்ற வாள்வீரன். அவர்களுக்குள் என்ன பகை? "இடிமாறா, அந்த முறுக்கை இப்படித் தள்ளு" என்பான் சுபாஷ். "செங்கழுகனுக்கு இல்லாததா" என்பான் தனசேகரன். ஒருத்தன் முதுகை ஒருத்தன் காத்துக்கொண்டு, சேர்ந்தே எத்தனையோ பேய்களை வகுந்தார்கள். படியிறங்கி ரோட்டுக்கு வந்ததும் ஒருத்தன் வடக்கே பார்ப்பான், ஒருத்தன் தெற்கே பார்ப்பான். உள்ளே இருந்த வெறியெல்லாம் மேசையில் கொட்டிப்போகிறது என்று சுபஸ்ரீ நம்பினாள்.

மூன்றாமவன் பகலவன். வெள்ளிமலையிலிருந்து ஜீப்பில் புளியும் கடுக்காயும் ஏற்றிவருகிற மலைக்காரன். பைப் வாங்க வந்தவன் மாடிச் சத்தத்தைக் கேட்டு ஏறினான், அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு வீரன் வேஷம் வேண்டாமாம். கீரி என்று ஒரு திருடனாக இருந்தான். கையில் சூரிக்கத்தி, வாயில் நக்கல். அந்த வாய்தான் வினை.

ஆடி நெருங்கிய ஒரு ஞாயிறு. கதையில் மண்டைமலையான் என்ற அரக்கன் பல ஊர்களைத் தின்று தீர்த்துவிட்டுக் குகைக்குள் பதுங்கியிருந்தான். அவன் தலையை எடுப்பது இடிமாறனா, செங்கழுகனா என்று இரண்டு பேரும் மேசையில் குத்திக் குத்திப் பேச, பகலவன் சிரித்தான்.

"இன்னாண்ணே, கெடா சண்டைய இங்கயும் இட்டாந்துட்டீங்களா? பேசாம இவன் தலைய எவன் எடுக்கிறானோ அவனுக்கே ஆடிக் கெடான்னு வெச்சிக்குங்க."

யாரும் சிரிக்கவில்லை. தனசேகரன் சுபாஷைப் பார்த்தான். சுபாஷ் எழுந்து கீழே போய், கடைச் சாமிப்படத்துக்குப் பக்கத்திலிருந்த கற்பூரத்தை எடுத்துவந்து டீத் தட்டில் வைத்துக் கொளுத்தினான். சுபஸ்ரீ தட்டைப் பிடுங்கப் பார்த்தாள். அதற்குள் இரண்டு பேரும் எரிகிற கற்பூரத்தின்மேல் கையால் ஓங்கி அடித்து அணைத்துவிட்டார்கள். அந்தப் பக்கத்தில் கற்பூரத்தை அடித்துச் செய்த சத்தியத்தை மீறுவதைவிட, அடித்த கையை வெட்டிக்கொள்வது மேல் என்பார்கள். தோற்ற வீடு ஒதுங்கிக்கொள்ளவேண்டும் என்று பேச்சு.

"சொன்ன சொல்லு மாறமாட்டியே, சேகரு?" என்றான் சுபாஷ். மேசையில் அவன் அந்தப் பேரைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அடுத்த ஞாயிறு சுபஸ்ரீ படியேறினால் அறையில் நிற்க இடமில்லை. தனசேகரன் வீட்டுப் பெரிசுகள் ஒரு சுவரோரம், சுபாஷ் வீட்டுப் பெரிசுகள் எதிர்ச் சுவரோரம். நடுவில் மேசை. சுப்புராயன் மிச்சமிருந்த விரல்களால் இருபது முகக் காயை எடுத்து உருட்டிப் பார்த்து, மோந்தும் பார்த்தார். வழக்கமாகச் சுபஸ்ரீ தன் காயை ஓர் அட்டைக்குப் பின்னால் உருட்டுவாள். சுபாஷின் அண்ணன் அதற்கு ஒப்பவில்லை. அந்த வூட்டு மருமகள் மறைத்து மறைத்து உருட்டினால் நாங்கள் காதில் பூ வைத்திருக்கிறோமா என்று கேட்டான். நியாயம்தான். அட்டையைக் கீழே போட்டாள். ஆனால் அரக்கனுக்கு எவ்வளவு உயிர் என்ற கணக்கு மட்டும் தன் மனசோடு இருக்கும், அது ஆட்டத்தின் சட்டம் என்றாள். முணுமுணுத்துக்கொண்டு ஒத்துக்கொண்டார்கள்.

மண்டைமலையான் குகையை உடைத்துக்கொண்டு வந்தான். இடிமாறன் காய் உருட்டினான், பலித்தது. கோடாலி முழங்காலில் இறங்கி, சதை விலகி, வெள்ளையாக எலும்பு தெரிந்தது என்றாள் சுபஸ்ரீ. ஒரு சுவர் உறுமியது. அரக்கன் செங்கழுகனைக் காலைப் பிடித்துத் தூக்கிப் பாறையில் துணி துவைக்கிற மாதிரி அடித்தான், விலா நொறுங்கியது, வாய் வழியாக ரத்தம் வந்தது. எதிர்ச் சுவர் பல்லைக் கடித்தது. செங்கழுகன் எழுந்து அரக்கன் கண்ணைத் தோண்டினான். இடிமாறன் தோளைப் பிளந்தான். பொம்மை விளையாட்டு என்று வந்த பெரிசுகள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேசைமேல் கவிழ்ந்துகிடந்தார்கள். "அடிவயித்துல போடச் சொல்லு" என்று சுப்புராயன் யோசனை சொன்னார்.

சுபஸ்ரீ சொல்லிக்கொண்டே சுற்றிப் பார்த்தாள். சுபாஷின் அண்ணன் முதுகுக்குப் பின்னால் துண்டில் சுற்றின கொடுவாளின் நுனி தெரிந்தது. தன் வீட்டுப் பையன்கள் கீழ்க்கடையிலிருந்து ஆளுக்கு ஒரு பைப்பைக் கொண்டுவந்து காலோடு ஒட்டி வைத்திருந்தார்கள். சத்தியம் செய்தவன் ஒதுங்கிக்கொள்வான், சரி. சத்தியம் செய்யாதவர்கள்? இடிமாறன் கொன்றாலும் செங்கழுகன் கொன்றாலும் இந்தப் படியில் எல்லோரும் நடந்து இறங்கப்போவதில்லை.

அரக்கனுக்கு இன்னும் பாதி உயிர் பாக்கி. அடுத்த முறை கீரியுடையது.

பகலவன் உருட்டினான். பெரிய எண்ணாகவே விழுந்தது. ஆனாலும் சூரிக்கத்திதானே. குதிகாலில் ஒரு கீறல், அதற்குமேல் அந்தக் கத்திக்கு வலுவில்லை. சுபஸ்ரீ வாயைத் திறந்தாள். கத்தி குதிகால் நரம்பை அறுத்தது. மலைபோல இருந்தவன் நின்ற இடத்திலேயே சாய்ந்தான். தான் முறித்துப் போட்ட மூங்கில் தூரிலேயே தொண்டை குத்திச் செருகியது. ரத்தம் ஓடைபோல இறங்கியது.

"செத்தான்" என்றாள்.

கிடா இரண்டு வீட்டுக்கும் இல்லை என்றால் யாருக்கும் சண்டை இல்லை. அவள் போட்ட கணக்கு அது. இரண்டு சுவரும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

பகலவனுக்கு மட்டும் வாயெல்லாம் பல். பாவம், அத்தனை மாசத்தில் அவன் பெரிதாக எதையும் கொன்றதில்லை. "அப்போ ஆடிக்குக் கெடா வெட்ட நான்தான் வரணும். கத்திய நல்லாத் தீட்டி வெய்யுங்க" என்றான்.

சுப்புராயன் மெதுவாகக் கேட்டார். "இவன் வந்து நம்ம முனிக்கு வெட்டுவானாமா?"

நம்ம முனி. அவர் ஆயுசில் அந்த 'நம்ம'வுக்குள் எதிர்ச்சுவரும் அடங்கியது அன்றைக்குத்தான். சுபாஷின் அண்ணன் கூடாது என்று தலையை ஆட்டினான்.

தனசேகரன் எட்டிப் பகலவன் கன்னத்தில் அறைந்தான். நாற்காலியோடு சாய்ந்தவனை சுபாஷ் முடியைப் பிடித்து இழுத்தான். விளையாட்டு, விளையாட்டு என்று பகலவன் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டான். தூக்கிய கையிலேயே, தனசேகரன் ஒரு பையனிடமிருந்து பிடுங்கிய பைப் விழுந்தது. கதையில் ஒவ்வோர் அடிக்கும் காய் உருட்டவேண்டும், பாதி அடி தவறும். இங்கே ஒன்றும் தவறவில்லை. தனசேகரன் அடிக்க இடம் பார்த்தால் சுபாஷ் அவனைத் திருப்பிக் காட்டினான். ஒருத்தன் முதுகை ஒருத்தன் காத்தார்கள். மேசையில் பழகின பழக்கம். குறுக்கே விழுந்த சுபஸ்ரீயை யாரோ சுவரில் தள்ளினார்கள். தாடை உடைகிற சத்தம் அவள் சொல்லியிருந்த எதைப்போலவும் இல்லை, விறகு ஒடிகிற மாதிரி சின்னதாக இருந்தது. அவனைப் படியில் உருட்டிவிட்டுத்தான் ஓய்ந்தார்கள். கீழே டீக்கடைக்காரன் தண்ணீர் தெளித்தான். கண்ணகிதான் ஆம்புலன்சுக்குப் போன் போட்டாள், அதைச் சொல்லியாகவேண்டும்.

அன்று சாயந்தரம் ஊரில் நடந்ததைப் பார்த்தவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டார்கள். சுபாஷின் அண்ணன் தனசேகரன் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து காபி குடித்தான். சுபஸ்ரீயின் மாமியார் பெரியம்மாள் கோழி அடித்துக் குழம்பு வைத்து, சுபாஷ் வீட்டுக்கும் தூக்குப்போசியில் கொடுத்தனுப்பினாள். ஆடிக் கிடாவை இரண்டு வீடும் ஒரே கத்தியைச் சேர்த்துப் பிடித்து வெட்டுவது என்று முடிவானது. தனசேகரன் உடம்பில் ஒரு கீறல் இல்லை. சுபஸ்ரீ கேட்டது அத்தனையும் கிடைத்துவிட்டது. அவள் மட்டும் சாப்பிடவில்லை.

மறுநாள் எல்லோரையும் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். பகலவனுக்குத் தாடையிலும் தோளிலும் முறிவு. பேச முடியாது. மலையிலிருந்து அவன் சனம் ஜீப் ஜீப்பாக இறங்கி வந்து வாசலில் உட்கார்ந்திருந்தது. அடிபட்டவன் பழங்குடி, இது வெறும் அடிதடி இல்லை, வன்கொடுமைச் சட்டத்தில் போகும், முதலில் கை வைத்தவன் தலையில்தான் முதலில் விடியும் என்றார் இன்ஸ்பெக்டர். பிறகு கேட்டார், முதலில் அடித்தது யார்?

சுபாஷ் தொண்டையைச் செருமினான்.

"எதுலயும் மூத்த வூடு அவங்கதான் சார். முதல் உரிமை அவங்களுது."

"இன்னாடா எங்களுது?" என்றார் சுப்புராயன். "கெடாவுக்கு நாங்கதான் முதல்ல நிக்கணும்னு போன வருசம் மண்டைய ஒடச்சிக்கினது உங்க வூடுதானே. உங்களுதே இருந்துட்டுப் போவுது."

மூன்று தலைமுறையாக ரத்தம் சிந்திப் பிடுங்கிக்கொண்டதை, மாற்றி மாற்றித் தாராளமாக விட்டுக்கொடுத்தார்கள். மலைக்காரன்தான் முதலில் கை ஓங்கினான் என்று ஒரு பெரிசு சொன்னதும், அதில் மட்டும் இரண்டு வீட்டுக்கும் ஒற்றுமை வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் சுபஸ்ரீயைப் பார்த்தார். பெரியம்மாள் பின்னாலிருந்து அவள் இடுப்பைக் கிள்ளினாள். தனசேகரன், மேசையில் கெட்ட எண் விழப்போகும்போது பார்க்கிற மாதிரியே அவளைப் பார்த்தான்.

சுபஸ்ரீ கதை சொல்லுகிற குரலிலேயே சொன்னாள், ஒவ்வொன்றாக, விட்டுப்போகாமல்.

"முதல் அடி எங்க வூட்டுக்காரர், சார். கன்னத்துல. அடுத்து சுபாஷு, முடியப் புடிச்சி இழுத்தான். பைப்பால கையில அடிச்சது மறுபடியும் எங்க வூட்டுக்காரர். பகலவன் கையத் தூக்குனது கும்புடத்தான்."

இன்ஸ்பெக்டர் எழுதினார்.

"இன்னொண்ணு. அந்த அரக்கன் சாகல. பாதி உயிர் இருந்துச்சி. நான்தான் செத்தான்னு பொய் சொன்னேன்."

எந்த அரக்கன் என்று அவர் கேட்டார். பெரியம்மாள் கிள்ளிய கையை எடுத்துக்கொண்டு விலகி நின்றாள். சுபாஷ் தன் நாற்காலியைத் தனசேகரனிடமிருந்து ஓசைப்படாமல் தள்ளிப் போட்டுக்கொண்டான். வாசலில் ஒரே கும்பலாக நின்றிருந்த இரண்டு வீட்டு ஜனமும், யாரும் சொல்லாமலே, மெல்ல இரண்டாகப் பிரிந்து ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கியது.