அவர் கட்டிய கட்டு

புற்றுநோய்க்காகத் தையல்காரியின் கர்ப்பப்பையை எடுத்தபோது, பக்கத்திலிருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பியது, இடது கால் மாட்டிக்கொண்டது. நீர் வடிய வழியில்லாமல் தொடையிலிருந்து பாதம் வரை வீங்கியது. தினமும் துணிப்பட்டையால் காலைச் சுற்றி, அந்தக் கட்டோடுதான் பயிற்சி செய்ய வேண்டும். பாதத்தில் இறுக்கம், மேலே போகப் போகத் தளர்வு.

சுற்றிவிட்டது அவள் புருஷன். பார்சல் ஆபீசில் மூட்டை கட்டுகிற மனுஷன். முதல் நாள் மேலே கீழே ஒரே இறுக்காக இறுக்கியதில் கால்விரல் நீலம் பாரித்துவிட்டது. பயிற்சி சொல்லித்தர வந்த பெண் பதறிப்போனாள்.

"ஐயா, இது லாரியில ஏத்துற பார்சல் இல்ல!"

"உடையிற சாமான்மா. பத்திரமாக் கட்ட வேண்டாமா?"

பிறகு ஒழுங்காகக் கற்றுக்கொண்டார். ஆனால் பட்டையின் நுனியை மட்டும் பிளாஸ்திரி போட்டு ஒட்டமாட்டார். பார்சலுக்குச் செய்வதுபோல மடித்து உள்ளே செருகுவார். அந்தக் கை வேறு எதற்கும் பழகவில்லை.

அவள் தையல் மெஷினைப் பிடித்தபடி குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவாள். அவர் எண்ணுவார். "அஞ்சு, ஆறு, ஒன்பது, பத்து. முடிஞ்சுது, உட்காரு!"

"ஆபீஸ்லயும் இப்படித்தான் எண்ணுவீங்களா?"

"அங்க இப்படி எண்ணினா வேலை போயிடும்."

வலிக்கிறதென்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

ஒரு காலை வழக்கம்போலக் கட்டினார், எண்ணினார், வேலைக்குப் போனார். மூட்டையைத் தூக்கக் குனிந்தவர் நிமிரவே இல்லை.

வீடு முழுக்க அழுதது. அவள் அழவில்லை. காலில் இருந்த கட்டை மட்டும் யாரையும் தொடவிடவில்லை. நாட்கள் போயின. பட்டை கசங்கிக் கணுக்காலில் மடிப்பு விழுந்தது. விரல்கள் உப்பின. நாற்றமும் அடித்தது. மகள் கெஞ்சிப் பார்த்தாள், கோபித்துப் பார்த்தாள்.

"அப்பா கட்டினது. கையை எடு."

வேறு வழியில்லாமல் மகள் பயிற்சிக்காரப் பெண்ணை அழைத்து வந்தாள். அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"அக்கா, உள்ள தோல் வெந்துக்கிட்டிருக்கு. இப்படியே விட்டா கிருமி ஏறி ஆஸ்பத்திரியில படுக்கணும். ஐயா இருந்திருந்தா இதை விட்டுருப்பாரா?"

தையல்காரி தானே குனிந்து, அவர் செருகிய நுனியை இழுத்தாள். எவ்வளவு கெட்டியாகச் செருகியிருந்தார், பாவி மனுஷன்!

பட்டை கழன்றது. புண் இல்லை, நல்லவேளை. ஆனால் காலில் ஒவ்வொரு சுற்றும் பள்ளமாகப் பதிந்திருந்தது. அந்தப் பள்ளத்திலேயே விரலை ஓட்டினாள்.

"சீக்கிரம் கட்டணும்க்கா. இல்லேன்னா நீர் கோத்துக்கும்."

"கொஞ்சம் இரும்மா."

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். கால் மெல்ல உப்பியது. கீழிருந்து ஒவ்வொரு தடமாக மேடேறி, தோலோடு தோலாகிவிட்டது.

கழுவி, மருந்து தடவி, மகள் புதுப்பட்டை சுற்றினாள். நுனியைப் பிளாஸ்திரியால் ஒட்டினாள். தையல்காரி மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குதிகாலைத் தூக்கினாள், இறக்கினாள். மகள் எண்ணினாள்.

"அஞ்சு... ஆறு..."

அவள் தூக்கிய குதிகாலை இறக்காமல் காதைக் கொடுத்தாள்.

"ஏழு" என்றாள் மகள்.

அப்போதுதான் தையல்காரி வாய்விட்டு அழுதாள்.