குவாமேயின் அப்பா

அரியரத்தினத்துக்கு வாய்க்கரிசி போடுவதற்காகப் பெண்கள் வரிசையில் நகர்ந்துகொண்டிருந்தபோது செந்தில்நாதன் தாயின் காதருகே குனிந்தான்.

"அம்மா, அவையள் வந்திருக்கினம். அந்த ஃபிலிம் அசோசியேஷன் ஆக்கள்."

சந்திரகலா கணவனின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கன்னத்தில் எதையோ பூசி மினுக்கியிருந்தார்கள். உயிரோடு இருந்த காலத்தில் பவுடர்கூடப் போடாத மனிதர்.

"முப்பது பேர் இருக்கும். எல்லாரும் சிவப்பும் கறுப்பும். விமலா மாமி ஆக்கள் கதைக்கத் தொடங்கிட்டினம். நான் போய்ச் சொல்லி அனுப்பிவிடட்டோ?"

சிட்னியின் அந்தத் தகன மண்டபத்துக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஜூலை மாதக் குளிர்கால மழை பெய்துகொண்டிருந்தது. அசோசியேஷனைச் சேர்ந்த கானா நாட்டுக்காரர்கள் தாழ்வாரத்தில் ஒடுங்கி நின்றார்கள். பெண்கள் தலையில் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். ஆண்கள் கறுப்புப் போர்வையை ஒரு தோளில் போட்டிருந்தார்கள். மற்றத் தோள் வெறுமையாகக் குளிரில் இருந்தது. செத்தவீட்டுக்கு அவர்கள் அப்படித்தான் உடுப்பார்கள் என்பது அந்த மண்டபத்தில் சந்திரகலா ஒருத்திக்குத்தான் தெரியும்.

"மழையெல்லோ" என்றாள். "உள்ள வந்து பின்னுக்கு இருக்கட்டும்."

அவளுக்கு அவர்கள் மேல் கோபம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பிளாக்டவுனில் அவர்களுடைய மண்டபத்தில்தான் அரியரத்தினம் கதிரையிலிருந்து சரிந்து விழுந்தார். அவர்களுடைய படம் ஓடிக்கொண்டிருந்தபோது. வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரிக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது துணி போட்டு மூடியிருந்தார்கள்.

கானாவின் குமாசி நகரில் அக்கான் மொழியில் படம் எடுக்கிறவர்கள் சேர்ந்து வைத்திருந்த தயாரிப்பாளர் சங்கத்துக்கு சிட்னியில் ஒரு கிளை இருந்தது. ரயில்வேயில் வேலை செய்யும் க்வாபெனா என்பவர் அதன் தலைவர். படங்களை வரவழைத்து மாதம் ஒருமுறை திரையிடுவார்கள். இங்கே பிறந்த தங்கள் பிள்ளைகள் அந்த மொழியைக் காதாலாவது கேட்கவேண்டும் என்பது அவர்களுடைய ஆசை. அந்தப் பிள்ளைகளுக்கு விளங்குவதற்காகப் படத்தின் அடியில் ஓடும் ஆங்கில வரிகளை எழுதிக்கொடுத்தவர் அரியரத்தினம். பென்டில் ஹில்லில் இருக்கும் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாருக்கு ஏன் இந்த வேலை என்று தமிழ் ஆட்கள் சிரித்தார்கள். கல்யாணம் முடித்த புதிதில் அவர் கானாவில் படிப்பித்தவர் என்பது சிலருக்குத் தெரியும். அதற்கு மேல் ஒருவருக்கும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டவள் சந்திரகலா.

குமாசியில் அவர்களுக்கு ஒரு பையன் பிறந்தான். குகன் என்று பெயர் வைத்தார்கள். சனிக்கிழமை பிறந்த ஆண்பிள்ளை என்பதால் அயலவர்கள் அவர்களுடைய வழக்கப்படி குவாமே என்று கூப்பிட்டார்கள். கடைசியில் அவள் வாயிலும் அதுவே வந்தது. எண்பத்திமூன்றாம் ஆண்டு அந்த நாட்டில் மழை பொய்த்துக் காடுகள் எரிந்தன. சந்தையில் சோளம்கூட இல்லை. பையனுக்குக் காய்ச்சல் வந்தபோது ஆஸ்பத்திரியில் கட்டில் இருந்தது, மருந்து இருக்கவில்லை. சின்னப் பிள்ளை என்பதால் எரிக்காமல் புதைத்தார்கள். பக்கத்து வீட்டுத் தச்சன் பெட்டி செய்து கொடுத்தான். அந்த மாதம்தான் கொழும்பில் தமிழருடைய கடைகள் எரிகிற செய்தி ரேடியோவில் வந்தது. திரும்பிப் போவதற்கும் இடமில்லாமல் போயிற்று.

சிட்னியில் யாராவது எண்பத்திமூன்று என்று பேச்செடுத்தால் அவள் எழுந்து குசினிக்குள் போய்விடுவாள். கலவரத்தை நினைத்து அழுகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஒஸ்திரேலியாவுக்கு விமானம் ஏறமுதல் அவள் கணவனிடம் ஒன்றுதான் கேட்டாள். இனி அந்தப் பிள்ளையைப் பற்றியோ அந்த நாட்டைப் பற்றியோ வீட்டில் ஒரு சொல் பேசக்கூடாது. அவர் சரி என்றார். இங்கே வந்து பிறந்த செந்தில்நாதனுக்குத் தனக்கு முன்னால் ஒருவன் இருந்ததே தெரியாது.

இரண்டு வருடங்களுக்கு முன் பிளாக்டவுனில் ஒரு கடையில் அந்தக் கானாப் படங்கள் விற்கக் கண்டு அரியரத்தினம் வாங்கிக்கொண்டு வந்தார். கராஜுக்குள் ஒரு டிவியை வைத்து அங்கேயே இருந்து பார்த்தார். உண்மையான வீடுகளிலும் தெருக்களிலும் எடுத்த படங்கள். ஒருநாள் குசினி வாசலுக்கு வந்து, "கலா, நாங்கள் இருந்த றோட்டைக் காட்டுறாங்கள்" என்றார். அவள் திரும்பவில்லை. அதற்குப் பிறகு அவர் சொல்லவும் இல்லை. படம் ஓடும்போதெல்லாம் அவள் குழாயை முழுதாகத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவுவாள். சுவருக்கு அந்தப் பக்கம் பேசுகிற ஒவ்வொரு சொல்லும் அவளுக்கு விளங்கியது.

கடைசி ஞாயிறும் அவர் கார்த் திறப்பைக் கையில் பிடித்தபடி வந்து நின்றார்.

"இண்டைக்கு மட்டும் ஒருக்கா வாருமன். சின்னக் காட்சி ஒண்டு. அதைப் பாத்திட்டு உடன வந்திடுவம்."

"எனக்கு வேண்டாம். நீங்கள் போயிட்டு வாங்கோ."

அவ்வளவுதான் பேசியது.

இப்போது கானாக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து பெட்டியைச் சுற்றிப் போனார்கள். க்வாபெனாவும் அக்கோசுவா என்ற உயரமான பெண்ணும் கடைசியாக வந்தார்கள். சந்திரகலாவின் கையைப் பிடித்து ஆங்கிலத்தில் அனுதாபம் சொன்னார்கள். பிறகு பெட்டிக்கு மேல் குனிந்து தங்கள் மொழியில் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள்.

"குவாமேயின் அப்பா களைத்துப்போய்ப் படுத்திருக்கிறார்" என்றாள் அக்கோசுவா.

சந்திரகலாவின் கையிலிருந்த அரிசி நழுவிப் பெட்டியின் விளிம்பில் கொட்டியது. குருக்கள் நிமிர்ந்து பார்த்தார்.

"அவர் கேட்டதற்காக எடுத்த காட்சியைப் பற்றி இந்த அம்மாவிடம் சொல்லவேண்டாமா?"

"எதைச் சொல்லச் சொல்கிறாய்?" என்றார் க்வாபெனா. "பிள்ளையைப் புதைத்த இடத்தில் ஒரு காட்சி எடுத்து அனுப்பச் சொல்லிக் கெஞ்சினார். தயாரிப்பாளர் போய்ப் பார்த்தபோது அந்த இடமே இல்லை. வேறொரு மயானத்தில் எடுத்து அனுப்பினார்கள். அவரிடமே சொல்லாததை இவரிடமா சொல்வது?"

"அந்தக் காட்சி வரமுதல் விழுந்துவிட்டார்."

"அதுவும் நல்லதுதான்."

சந்திரகலா பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சொற்கள் வாய்க்குள் வருமா என்று அவளுக்கே தெரியவில்லை. வந்தன. குமாசிச் சந்தையில் விலை கேட்ட அதே குரலில் அக்கான் மொழியில் கேட்டாள்.

"அந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது?"

அக்கோசுவா வாயைப் பொத்திக்கொண்டாள். க்வாபெனாதான் பதில் சொன்னார்.

"தெரு, அம்மா. அகலமாக்கிவிட்டார்கள். மிச்ச நிலத்தில் லொறிகள் நிற்கின்றன."

"எலும்புகளை எடுத்தார்களா?"

"அறிவித்தல் ஒட்டினார்களாம். சொந்தக்காரர்கள் வந்து எடுத்துப்போனார்களாம்."

"வராதவர்களுடையதை?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இவருக்கு இது ஒன்றும் தெரியாதுதானே?"

"தெரியாது, அம்மா."

அவள் சரி என்பதுபோலத் தலையசைத்தாள். விளிம்பில் கொட்டிக்கிடந்த அரிசியைப் பொறுக்கி அரியரத்தினத்தின் வாயருகே வைத்தாள். எல்லோரும் தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது. அம்மாவின் வாயிலிருந்து வந்தது என்ன மொழி என்று புரியாமல் செந்தில்நாதன் நின்றான். அடுத்த செத்தவீட்டு ஆட்கள் வந்துவிட்டார்கள் என்று மண்டபத்துப் பெண் வந்து ஞாபகப்படுத்தினாள். குருக்கள் மந்திரத்தை வேகப்படுத்தினார்.

முன்வரிசை நெருங்கிய சொந்தக்காரருக்கு. அங்கே போய் உட்கார்ந்த சந்திரகலா, பின்னுக்குப் போகத் திரும்பிய அக்கோசுவாவின் துணியைப் பிடித்து இழுத்தாள்.

"தெனா ஆசே" என்றாள். இரு என்று அர்த்தம்.

அக்கோசுவா தயங்கினாள். விமலா மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு கதிரை தள்ளி உட்கார்ந்தாள். அந்த இடத்தில் அக்கோசுவா இருந்தாள்.

பெட்டியை மூடியபோது பின்னாலிருந்து கானாப் பெண்களின் குரல் எழும்பியது. "டுவே, குவாமே அஜா, டுவே." சகித்துக்கொள், குவாமேயின் அப்பா, சகித்துக்கொள் என்று செத்தவரையே தேற்றுகிற அழுகை. தமிழ்ப் பெண்களின் ஒப்பாரி ஒரு கணம் நின்று, பிறகு அதற்கு மேலாகத் தொடர்ந்தது. செந்தில்நாதன் பெட்டியைத் தகனத்துக்கு அனுப்பும் பொத்தானை அழுத்தினான். திரை மெதுவாக இழுபட்டது. சந்திரகலா அழவில்லை. அக்கோசுவா அவளுடைய கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

திரும்பும்போது காரில் தாயும் மகனும் மட்டும்தான். மழை விட்டிருக்கவில்லை. கானாக்காரர்களையும் வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தாள். அவர்களை ஏற்றிய வான் பின்னால் வந்துகொண்டிருந்தது.

சந்தியில் சிவப்பு விளக்கு விழ, செந்தில்நாதன் நிறுத்தினான். கைகளை ஸ்டீரிங்கிலிருந்து எடுக்காமல் கேட்டான்.

"அம்மா, ஆர் குவாமே?"

அவள் முன்கண்ணாடியில் படிந்த ஆவியைக் கையால் துடைத்தாள். வைப்பர் போய் வந்தது.

"அந்தப் பொம்பிளையள் அப்பாவை அப்பிடித்தானே கூப்பிட்டவை. குவாமே, குவாமே எண்டு."

"பச்சை விழுந்திட்டுது" என்றாள்.

அவன் காரை எடுக்கவில்லை. தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்து வரிசையில் கார்கள் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு போயின. பச்சை விளக்கு மாறி மறுபடி சிவப்பு வந்தது. பின்னால் நின்ற வானில் ஒருவரும் ஹோர்ன் அடிக்கவில்லை.