மூன்றாம் ஓலை

முதல் ஞாயிறு என் கல்யாண ஓலையை வாசித்தபோதே உபதேசியார் திரவியம் என் அப்பாவைக் கணக்கப்பிள்ளை ஆக்கிவிட்டார். "பம்பாயில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வுபெற்ற தாசையன் அவர்களின் மகள் சுசீலாபாய்க்கும், அருமைநாயகம் அவர்களின் மகன் சுவாமிதாஸுக்கும் விவாகம் நிச்சயமாகியிருக்கிறது. தடை அறிந்தவர் எவரானாலும் சபை முன்பாக எழுந்து சொல்லலாம். இது முதலாம் ஓலை." காகிதத்தில் எழுதியதுதான், பெயர் மட்டும் ஓலை. இப்படி மூன்று ஞாயிறு வாசித்து, யாரும் எழுந்திருக்காவிட்டால்தான் எங்கள் சபையில் தாலி ஏறும். எனக்குத் தெரிந்து ஒருவரும் எழுந்ததில்லை. ஆண்கள் பக்கத்தில் மூன்றாவது பெஞ்சில் இருந்த அப்பா தலையைத் திருப்பி அம்மாவைப் பார்த்தார். அம்மா பாட்டுப் புத்தகத்தை மும்முரமாகப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

அப்பா ஒரு நாளும் கணக்கு எழுதியவர் அல்ல. கப்பற்படையில் கொதிகலத்துக்குக் கரி அள்ளிப்போடச் சேர்ந்து, இருபத்தொரு வருஷத்தில் அந்த அறைக்கே பொறுப்பாளராக ஆனவர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். வந்த மறுநாளே வீட்டிலுள்ள பித்தளையையெல்லாம் எடுத்து வைத்துத் தேய்த்துப் பளபளப்பாக்குவார். எனக்குச் சட்டை வாங்கி வருவார். அது எப்போதும் சிறியதாகவே இருக்கும், ஏனென்றால் போன லீவில் பார்த்த அளவுக்கு வாங்கியிருப்பார். அவர் திரும்பிப் போகும்போது நான் அழ மறந்துபோன வருஷங்களும் உண்டு.

நாற்பத்தாறாம் வருஷம் மாசியில் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல்காரப் பையன்கள் புழுத்த பருப்பையும் அதிகாரிகளின் வசவையும் இனிமேல் விழுங்க மாட்டோம் என்று தட்டைத் தள்ளி வைத்தார்கள். பொறுப்பாளர் என்பதால் அப்பாவுக்குத் தனிச் சாப்பாடு. பென்ஷனுக்கோ ஒரு வருஷம்தான் பாக்கி. வாயை மூடிக்கொண்டு தின்றிருக்கலாம். அவரும் போய் அந்தப் பையன்களோடு உட்கார்ந்து தட்டைத் தள்ளினார். சில வாரம் காவலில் வைத்து, இவருடைய சேவை இனித் தேவையில்லை என்று ஒரு தாளைக் கொடுத்து ரயிலேற்றிவிட்டார்கள். அவர் அந்தத் தாளை ஒளிக்கவா செய்தார்? காப்பி குடிக்க வந்தவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டினார்.

மாப்பிள்ளையின் அப்பா அருமைநாயகம் சர்க்கார் கச்சேரியில் தலைமைக் குமாஸ்தா. மகனையும் அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார். கலகக்காரன் வீட்டில் பெண்ணெடுத்தார்கள் என்று எவனாவது ஒரு மொட்டைக் கடுதாசி போட்டால் இரண்டு நாற்காலியும் போய்விடும் என்று அவருக்கு உதறல். ஓலையில் அப்பாவுக்கு வேறு வேலை போட்டால்தான் சம்மதம் என்றிருந்தார்.

அந்த முதல் ஞாயிறு ஆராதனை முடிந்து நாங்கள் மூவரும் வீட்டுக்கு நடந்தோம். கரமனைப் பாலம் தாண்டியதும் அம்மா யாரும் கேட்காமலே சொன்னாள்.

"எழுதிக் குடுத்தது நானாக்கும். பின்ன என்ன செய்யதுக்கு? பிள்ளைக்கு இருவத்திரெண்டு வயசாச்சு."

"கணக்கப்பிள்ளைன்னா குறைச்சல் ஒண்ணும் இல்ல, செல்லபாய்," என்றார் அப்பா. "ஆனா அது நான் இல்லல்லா?"

அன்று மத்தியானம் நான் கிணற்றடியில் துவைத்துக்கொண்டிருந்தேன். அப்பா வந்து பக்கத்தில் நின்றார்.

"மக்ளே, போதகருட்டப் போயி ஓலையத் திருத்தச் சொல்லலாம்னு இருக்கேன். அருமைநாயகம் ஒத்துக்கிட மாட்டாரு, கல்யாணம் நிண்ணு போவும். ஒனக்கு அந்தப் பையனப் பிடிச்சிருக்கா?"

பிடித்திருந்தது. சுவாமிதாஸ் பாடகர் குழுவில் கடைசி வரிசையில் நின்று தப்பான சுரத்தைத் தைரியமாகப் பாடுகிறவர். அதற்காகவே பிடித்திருந்தது. இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது? எனக்குக் கோபம்தான் வந்தது.

"இருவத்தொண்ணு வருசம் நீங்க இங்க இல்ல. எனக்கு அம்மை போட்டப்போ இல்ல, தம்பி செத்தப்போ இல்ல. இந்த மூணு ஞாயிறு மட்டும் வாயப் பொத்திக்கிட்டு இருங்கப்பா. அது போதும்."

"சரி," என்றார் அப்பா. பிறகு நான் பிழிந்துவைத்த துணிகளை எடுத்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து ஒவ்வொன்றாகக் கொடியில் போட்டார்.

இரண்டாம் ஓலையின்போது அப்பா அசையவில்லை. அந்த வியாழக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். நாகர்கோவிலிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் மாமா விஷயம் தெரியாத அப்பாவி. பேச்சோடு பேச்சாகக் கேட்டார்.

"பம்பாயில எந்தக் கம்பெனியில கணக்கு?"

"பருத்திக் கம்பெனி," என்றார் அப்பா.

"எத்தன வருசம்?"

"இருவத்தொண்ணு."

சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை. அருமைநாயகம் கண்ணால் என்னவோ ஜாடை காட்டினார். அப்பா குனிந்து பார்த்துவிட்டு, மேல்துண்டை இழுத்துத் தன் முன்கைகளை மூடிக்கொண்டார். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை நெருப்பு சுட்ட தழும்புகள். எந்தப் பேரேடும் ஒரு மனிதனை அப்படிச் சுடாது. நான் காப்பித் தட்டோடு நின்று பார்த்தேன். காவலில் போட்டும் குனியாத மனிதரை நான் கிணற்றடியில் நாலு வார்த்தையில் குனிய வைத்துவிட்டேன். அவர் எனக்காகத்தான் குனிந்தார் என்பது இன்னும் கேவலமாக இருந்தது.

மூன்றாம் ஞாயிறு. உபதேசியார் வாசித்தார். கணக்கப்பிள்ளை வந்தது, தடை அறிந்தவர் வந்தது. ஒரு வழக்கத்துக்காக மூச்சு விட்டுவிட்டு அடுத்த அறிவிப்புக்கு வாயெடுத்தார். நான் எழுந்தேன்.

"தடை உண்டு."

அம்மா என் சேலையைப் பிடித்து இழுத்தாள். போதகர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"இது ஒனக்க சொந்த ஓலையாக்கும், பிள்ளே. நீயே எழும்பினா எப்பிடி?"

"எவரானாலும் சொல்லலாம்னுதான வாசிச்சது, ஐயா? அதில இருக்க தாசையன எனக்குத் தெரியாது. எனக்க அப்பா கப்பல்ல கரி தள்ளினவரு. கூட நிண்ண பையன்மாருக்காவ சோத்தத் தள்ளி வச்சு, வேலைய விட்டு அனுப்பப்பட்டவரு. நான் அவருக்க மகளாக்கும். அத எழுதி வாசிங்க."

என் குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன். அருமைநாயகம் எழுந்து அங்கவஸ்திரத்தைத் தோளில் போட்டார். "இந்தச் சம்மந்தம் நமக்கு வேண்டாம். தாஸே, எறங்கி வா," என்று சொல்லி, திரும்பிப் பார்க்காமல் வாசலுக்கு நடந்தார்.

போதகர் நல்ல மனிதர். சட்டப் புத்தகத்தின் பின்னால் ஒளிந்துகொண்டார். பிழையான ஓலை செல்லாது, திருத்திய ஓலையை முதல் ஞாயிறிலிருந்து திரும்ப வாசிக்கவேண்டும், அதற்கு இரண்டு பக்கத்தாரும் கையெழுத்துப் போடவேண்டும் என்றார். ஒரு வரியை அடித்தார், மேலே எழுதினார், காகிதத்தை மேஜைமேல் சபையின் பக்கமாகத் திருப்பி வைத்தார். அப்பா எழுந்து வந்தார். என்னைத் திட்டத்தான் வருகிறார் என்று பக்கத்துப் பெஞ்சுப் பெண்கள் தள்ளி உட்கார்ந்தார்கள். அவர் பேனாவை எடுத்துத் தன் பெயரை எழுதினார். அதன் கீழே, யாரும் கேட்காத தன் கப்பற்படை எண்ணையும் எழுதி அடிக்கோடு போட்டார்.

மாப்பிள்ளை பக்கத்துக்கான அடுத்த கோடு காலியாக இருந்தது. போதகர் பேனாவைப் பாடகர் குழுவின் பக்கம் நீட்டியபடி நின்றார். சுவாமிதாஸ் மேடையிலிருந்து இறங்கி, ஒரு கால் தரையிலும் ஒரு கால் படியிலுமாக நின்று, வாசலில் செருப்பு மாட்டுகிற தன் அப்பாவைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். சபை முழுவதும் உட்கார்ந்திருந்தது. நான் உட்காரவில்லை.